ஐந்து ஊர்க் கோழியும் கோணமேட்டுக் கல்யாணமும்

கோணமேட்டில் ஒருவன் தாகத்தில் நாக்குத் தள்ளி விழுந்து கிடந்தாலும், முதலில் "எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள். பதில் வந்த பிறகுதான் தண்ணீர் வரும். பதில் சொல்ல முடியாமல் இரண்டு மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. அவர்கள் எந்த ஊர் என்று தெரியாததால், துக்கச் செய்தியை எந்த ஊருக்கும் சொல்லியனுப்ப முடியவில்லை.

தரங்கம்பாடியில் தினமார்க்கு என்கிற டென்மார்க் நாட்டவரும், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்களும், நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர்களும் கோட்டை கட்டிக்கொண்டு துணிக்கும் மிளகுக்கும் விலை பேசிக்கொண்டிருந்த காலம் அது. தரங்கம்பாடிக்கு வடக்கே, இரண்டு உப்பங்கழிகளுக்கு நடுவே கோணமேடு இருந்தது. அதற்கு யாரும் விலை பேசவில்லை.

கோணமேட்டுக் கல்யாணத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தாலி கட்டுவதற்கு முன், மணமகன் வீட்டிலும் பந்தலிலும் இருக்கிற ஒவ்வொரு உயிரின் பேரையும் ஊரையும் நாட்டாமை உரக்கச் சொல்லவேண்டும். ஒரே ஓர் உயிருக்கு ஊர் தெரியாவிட்டாலும் தாலி கட்டக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கலியபெருமாள் தாலியைக் கையில் எடுத்து, சௌந்திரத்தின் கழுத்துக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் கொண்டுபோய்விட்டான். அப்போது பந்தல் கழியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

"நில்லு" என்றார் நாட்டாமை உத்திராபதி. சௌந்திரத்துக்கு அவர்தான் அப்பா. "இது எந்த ஊர்க் காக்கா?"

கூட்டமே காக்கையைக் கேட்டது. காக்கை ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னது. 'கா' என்ற ஊர் தஞ்சாவூர்ச் சீமையில் இருக்கிறதா, மதுரைச் சீமையில் இருக்கிறதா என்று விவாதம் முடிவதற்குள் முகூர்த்தம் போய்விட்டது. அதன்பிறகு காக்கை திரும்பி வந்து விளக்கம் சொல்லும் என்று மூன்று வருஷமும் காத்திருந்தார்கள்.

இப்போதுதான் மறுபடி நாள் குறித்திருந்தார்கள். கார்த்திகை மாதத்தின் கடைசி முகூர்த்தம். உத்திராபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இரண்டு தரம் நின்னா அந்தப் பொருத்தத்துக்கு மூணாந்தரம் நாள் பார்க்கக் கூடாது. இந்தத் தடவையும் தப்பினா, தை பிறந்ததும் சௌந்திரம் திருமுல்லைவாசல் பையனுக்குத்தான்."

திருமுல்லைவாசல் பையனைச் சௌந்திரம் பார்த்திருக்கிறாள். ஊர் தெரிந்த பிள்ளைதான். ஊரைத் தவிர வேறொன்றும் தெரியாத பிள்ளை.

முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு புயல் அடித்தது. மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போன கலியபெருமாள், மணலில் ஒரு மரக்கூண்டு ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தான். உள்ளே ஒரு பறவை இருந்தது. மயிலுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. தலையில் ஒரு மயிர் இல்லை. கழுத்து சிவப்பும் நீலமுமாக இருந்தது. மூக்கின்மேல் இன்னொரு மூக்கு தொங்கியது.

அதன் கண்ணைப் பார்த்ததும் கலியபெருமாளுக்கு மனசு இளகிவிட்டது. வீட்டுக்குத் தூக்கிவந்து ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தான். அது குடித்து முடித்த பிறகுதான், தான் செய்த காரியம் அவனுக்கு உறைத்தது.

அன்றே பஞ்சாயத்து கூடியது.

"தண்ணி கொடுத்தியா?" என்றார் உத்திராபதி.

"கொடுத்தேங்க."

"ஊர் கேட்டியா?"

"கேட்டேங்க."

"எது முதல்ல?"

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டான். "தண்ணிங்க."

கூட்டத்தில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அழாதீங்க, சரிபண்ணிடலாம்" என்றார் உத்திராபதி. "கொடுத்த தண்ணியைத் திரும்ப வாங்கிக்கோ. முறையா ஊரைக் கேளு. அப்புறம் மறுபடியும் கொடு."

கலியபெருமாள் ஒரு நாழிகை நேரம் பறவையின் முன்னால் சொம்பை நீட்டிக்கொண்டு நின்றான். அது திருப்பிக் கொடுக்கவில்லை. சொம்பின் அடியில் இருந்த மிச்சத்தையும் குடித்தது.

"விரட்டி விட்டாப் போச்சு" என்றாள் சௌந்திரம்.

"தண்ணி குடிச்ச விருந்தாளியை விரட்டறதா? நல்லாருக்கு நீ பேசறது!" என்றார் உத்திராபதி.

"அப்ப நம்ம ஊருன்னு சொல்லித் தொலைங்க."

"பொய் சொல்லச் சொல்றியா? நம்ம ஊர்ல எல்லாரையும் எனக்குத் தெரியும். இந்த மூஞ்சி இல்லை."

"போன தடவை காக்கா. இந்தத் தடவை கோழி. அடுத்த தடவை கொசு வரும். அதுக்கும் ஊர் கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சௌந்திரம் போய்விட்டாள். கொசு என்றதும் கூட்டத்தில் பலர் கவலையோடு சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

அப்போது யாரோ பலமாகத் தும்மினார்கள். பறவை கழுத்தை நீட்டி, "களகளகளகள" என்றது.

கலியபெருமாளின் தாய்மாமன் அமிர்தலிங்கம் எழுந்து நின்றார். ஊரில் பலமொழி அறிந்தவர் அவர் ஒருவர்தான். "இது சீமைப் பாஷை" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியலை. தமிழா இருந்தா பாதியாவது புரியும். அதோட நான் கப்பல் பார்த்திருக்கேன்."

"கப்பல்காரங்களோட பேசினீங்களா?"

"ரொம்பத் தூரத்துல போச்சு. ஆனா பேசிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க."

இதற்குமேல் சாட்சி எதற்கு? கோட்டை கோட்டையாகப் போய், இவர் யார், எந்த ஊர் என்று துரைமார்களிடம் கேட்டு வருவது என்று முடிவாயிற்று. கலியபெருமாள், அமிர்தலிங்கம், ஓலை எழுதும் சிங்காரம் ஆகிய மூன்று பேர் கிளம்பினார்கள். சிங்காரத்துக்கு எழுத வரும், படிக்க வராது. நாட்டாமைக்குப் படிக்க வரும், எழுத வராது. இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்தால் கர்வம் வந்துவிடும் என்று ஊரில் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

கிளம்பும்போது உத்திராபதி மூன்று கட்டளை இட்டார்.

"விருந்தாளியோட கால் தரையில படக்கூடாது. கேட்டதைக் கேட்டபடி எழுதணும். வழி ஒண்ணும் கஷ்டமில்லை. கடலை இடதுகைப் பக்கம் வச்சுக்கிட்டே போனா தெற்கே போயிடலாம். வலதுகையில வச்சுக்கிட்டா வீடு வந்து சேர்ந்துடலாம்."

அமிர்தலிங்கம் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கடலை மொண்டு, இடதுகையில் தூக்கிக்கொண்டார்.

பறவையைத் தூக்க அவருக்குக் கை இல்லை. சிங்காரத்துக்கு ஒரு கையில் ஓலை, ஒரு கையில் எழுத்தாணி. ஆகவே கலியபெருமாள் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டான். அது அவன் காதைக் கனிந்த பழம் என்று நினைத்து, வழியெல்லாம் கொத்திப் பார்த்துக்கொண்டே வந்தது. "ஐயோ காது" என்று அவன் சொல்லும்போதெல்லாம் சிங்காரம் நின்று அதை எழுதினான்.

முதல் உப்பங்கழியில் தோணிக்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டார். குடத்தைப் பார்த்து, "என்னய்யா அது?" என்றார்.

"கடல்" என்றார் அமிர்தலிங்கம்.

தோணிக்காரர் கிழக்கே கையைக் காட்டினார். "அப்ப அது?"

அமிர்தலிங்கம் திரும்பிப் பார்த்தார். "அது மிச்சம்."

தோணிக்காரர் அக்கரைக்கு வழக்கத்தைவிட வேகமாகத் துடுப்புப் போட்டார்.

தரங்கம்பாடியில் ஒரு தினமார்க்குத் துரை வீட்டின் கொல்லைப்பக்கம் போய் நின்றார்கள். துரைவீட்டுச் சமையற்காரர் ஞானாதிக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கலியபெருமாளின் தலையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஐயா, இவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டான் கலியபெருமாள்.

"தெரியுமாவா? இவருக்காகத்தானே நான் ரெண்டு நாளாத் தவிச்சுக்கிட்டிருக்கேன். கப்பல்ல வரவேண்டிய கூண்டெல்லாம் புயல்ல போச்சு. கிறிஸ்து பிறப்புப் பண்டிகை வருது. இவர் இல்லாம எங்க துரை வீட்டுல பண்டிகையே கிடையாது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய இடத்து விருந்தாளியைத்தான் தலையில் சுமந்து வந்திருக்கிறோம்!

"வருஷா வருஷம் கூப்பிடுவீங்களோ?"

"ஒரு வருஷம் தப்பினதில்லை. மேஜைக்கு நடுவுல இவர்தான். சுத்திவரக் கிழங்கு, எலுமிச்சம்பழம்."

"மேஜை மேலேயே உட்கார வைப்பீங்களா?"

"படுக்கவே வைப்போம்."

"அடேயப்பா! திரும்பிப் போறேன்னு சொன்னா?"

ஞானாதிக்கம் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை."

கலியபெருமாள் மாமன் பக்கம் திரும்பினான். "எங்க வீட்டு விருந்தாளிங்க மூணாம் நாளே மூட்டையைக் கட்டிடறாங்க மாமா" என்றான்.

"உபசாரம் போதலை மாப்ளே" என்றார் அமிர்தலிங்கம். பிறகு வந்த வேலைக்கு வந்தார். "அதெல்லாம் சரி, இவருக்கு எந்த ஊர்?"

"ஊரா? இங்கே கல்கூன்னு சொல்வோம். ஆனா அது எங்க துரைமாரோட சொல் இல்லை. ஒல்லாந்தர்கிட்ட இரவல் வாங்கினது. ஊர் கீர் எல்லாம் அவங்களைத்தான் கேட்கணும்."

"எப்ப இரவல் வாங்கினீங்க?"

"அது ஆச்சு எத்தனையோ காலம்."

"இன்னும் திருப்பிக் கொடுக்கலையா?"

"கொடுத்துட்டா நாங்க எதைச் சொல்லிக் கூப்பிடறது?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஞானாதிக்கம் பறவையின் மார்பை இரண்டு விரலால் அன்போடு அழுத்திப் பார்த்து, அதற்குத் தினமும் ஊறவைத்த தானியம் கொடுக்கச் சொன்னார். பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் தானே கோணமேட்டுக்கு வந்து அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்தார். இப்படி ஒரு பாசத்தை அவர்கள் மூவரும் பார்த்ததே இல்லை.

காரைக்காலில் பிரெஞ்சுத் துரை வெளியே வரவில்லை. அவருக்காகத் தமிழில் பேசுகிற துபாஷிதான் வந்தார். சட்டையும் தலைப்பாகையுமாக, நிறையப் படித்தவர் மாதிரி இருந்தார்.

"இதன் பேர் தேந்த்" என்றார். "இந்தியாவிலிருந்து வந்ததுன்னு அர்த்தம்."

"இந்தியா எங்கேங்க இருக்கு?"

துபாஷி காலால் தரையைத் தட்டினார். "இதுதான்."

"இது காரைக்கால் இல்லையா?"

"காரைக்காலும் இந்தியாதான். உங்க ஊரும் இந்தியாதான்."

மூன்று பேரும் கொஞ்சம் தள்ளிப்போய்க் கலந்து பேசினார்கள்.

"நமக்கு யாருமே சொல்லலையே மாமா."

"நாட்டாமைக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சிருந்தா பந்தல்ல சொல்லியிருப்பாரே."

"எப்படியோ, விருந்தாளி உள்ளூர்க்காரர்னு ஆச்சு. வேலை முடிஞ்சது" என்று சிங்காரம் ஓலையைச் சுருட்டப் போனான்.

"இருங்க இருங்க" என்று துபாஷி கூப்பிட்டார். "இந்தியான்னா இந்த இந்தியா இல்லை. அந்த இந்தியா. ரொம்ப காலத்துக்கு முந்தி, ஐரோப்பாவிலேர்ந்து ஒரு மாலுமி இந்தியாவைத் தேடிக்கிட்டு மேற்கே போனார். தரையைப் பார்த்ததும் இதான் இந்தியான்னுட்டார். அது வேற நாடு. இந்தப் பறவை அங்கேதான் இருந்தது. அப்புறம் தப்பு தெரிஞ்சும் பேரை யாரும் மாத்தலை."

அமிர்தலிங்கம் குடத்தை மணலில் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க, இறங்கின இடத்துல ஒரு ஆளைக்கூடவா அவர் 'இது எந்த ஊர்'னு கேட்கலை?"

"கேட்கலைபோல."

"எங்க கோணமேட்டுல பால்குடிக்கிற பிள்ளைகூட முதல்ல அதைத்தான் கேட்கும்."

துபாஷி உள்ளே போய்விட்டார். மூவரும் ஒல்லாந்தரைத் தேடி நாகப்பட்டினத்துக்கு நடந்தார்கள்.

நாகப்பட்டினம் கோட்டை வாசலில், உள்ளே போகிறவர்களைப் பதிவு செய்கிற எழுத்தர் ஒருவர் இருந்தார். அவர்களைப் பார்த்து எதுவும் கேட்காமலே எழுதிவிட்டு, எழுதியதை வாசித்தும் காட்டினார்: "மலபார்க்காரர் மூன்று. கல்கூன் ஒன்று."

"தப்புங்க" என்றான் கலியபெருமாள். "நாங்க கோணமேடு."

"துரைமார் கணக்குல தமிழ் பேசறவன் எல்லாம் மலபார்க்காரன்தான். நம்ம பாஷைக்கே மலபார் பாஷைன்னுதான் பேர் வச்சிருக்காங்க."

"மலபார் எங்கே இருக்கு?"

"மலைக்கு அந்தப் பக்கம். மேற்குக் கடற்கரை. கோழிக்கோடு இருக்கே, அங்கே."

"நாங்க மலையையே பார்த்ததில்லையே!"

"துரைமார் முதல்ல வந்து இறங்கினது அங்கே. அங்கே பார்த்தவங்களுக்கு ஒரு பேர் வச்சாங்க. அப்புறம் இந்தப் பக்கம் வந்தா நாம நிக்கிறோம். இன்னொரு பேர் யோசிக்கச் சோம்பலா இருந்திருக்கும். போங்க போங்க, பின்னால ஆள் நிக்குது."

'கேட்டதைக் கேட்டபடி' என்பது கட்டளை. சிங்காரம் எழுதிக்கொண்டான்.

துறைமுகத்தில் புயலுக்குத் தப்பி ஒதுங்கிய கப்பல்களின் ஆட்கள் எல்லாம் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் துறைமுகத் தமிழ் தெரிந்திருந்தது. பறவையைக் கண்டதும் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், சிலர் உதட்டை நக்கிக்கொண்டார்கள். விருந்தாளிக்கு எங்கே போனாலும் வேண்டியவர்கள் இருப்பதைக் கண்டு கலியபெருமாளுக்குப் பெருமையாக இருந்தது.

"இவருக்கு எந்த ஊர்?" என்று அமிர்தலிங்கம் உரக்கக் கேட்டார்.

"கல்கூன்" என்றார் ஓர் ஒல்லாந்தர். "கோழிக்கோட்டுக் கோழி. பேருக்கே அதுதான் அர்த்தம்." கையை மேற்கே காட்டினார்.

"இல்லை" என்றார் ஓர் இங்கிலீஷ்காரர். "டர்க்கி. துருக்கியிலிருந்து வந்த கோழி. எங்க ஊருக்குக் கொண்டுவந்து விற்றது துருக்கி வியாபாரிங்க." அவர் கை வடமேற்கே போயிற்று.

கூட்டத்தில் நிஜமாகவே ஒரு துருக்கி மாலுமி இருந்தார். அவர் முன்னால் வந்து, "எங்க ஊர்க் கோழியா? நாங்க இதை 'ஹிந்தி'ன்னு சொல்வோம். இந்துஸ்தானத்துக் கோழி. உங்க ஊர்!" என்று அமிர்தலிங்கத்தின் நெஞ்சில் விரலை வைத்தார்.

ரொட்டி விற்றுக்கொண்டிருந்த நத்தாலம்மாள் கூடையை இறக்கிவைத்தாள். அவள் வீட்டில் போர்த்துக்கீசியம் பேசுவார்கள். "எல்லாரும் வாயை மூடுங்க. இது பெரு. பெருன்னு ஒரு நாடு இருக்கு, அங்கே வெள்ளி மலைமலையாக் கிடக்கும். அங்கேயிருந்து வந்தது. எங்க பாட்டன் முப்பாட்டன் சொன்னதை விடவா இவங்களுக்குத் தெரியும்?" அவள் எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக் காட்டினாள்.

ஒவ்வொரு விரல் நீளும்போதும் பறவை அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தது. தன் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள அதற்கும் ஆசை இருக்கும் அல்லவா?

இன்றைக்குப் புத்தகத்தைப் புரட்டினால் விஷயம் இருக்கிறது. அந்தப் பறவையை முதலில் வீட்டில் வளர்த்தவர்கள் மெக்சிகோப் பக்கத்து ஜனங்கள். ஐரோப்பா முழுக்க அதற்கு எத்தனையோ நாடுகளின் பெயரை வைத்தார்கள். மெக்சிகோவின் பெயரை மட்டும் வைக்கவில்லை. நாம் மட்டும் சளைத்தவர்களா? வான்கோழி என்று வைத்தோம். அது வேலியைத் தாண்டுவதற்கே இரண்டு முறை யோசிக்கிற பிராணி.

துறைமுகத்தில் பேச்சு தடித்தது. கோழிக்கோடு என்றவர் துருக்கி என்றவரைப் பிடித்துத் தள்ள, அவர் இந்துஸ்தானம் என்றவர்மேல் விழ, அவர் அமிர்தலிங்கத்தின் மேல் விழுந்தார். குடம் உடைந்தது.

"ஐயோ, கடல் போச்சு!" என்று அலறினார் அமிர்தலிங்கம்.

அத்தனை பேரும் சண்டையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"இனிமே எப்படி வீட்டுக்குப் போவேன்? வலதுகையில வச்சுக்கிட்டுப் போகணும்னு சொன்னாரே! முகூர்த்தத்துக்கு நாலு நாள்தானே இருக்கு!" கலியபெருமாள் தலையில் பறவையோடு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அலை வந்து இரண்டு பேர் காலையும் நனைத்துவிட்டுப் போயிற்று.

நத்தாலம்மாளுக்கு என்ன புரிந்ததோ, வீட்டிலிருந்து ஒரு பழைய குடத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமிர்தலிங்கம் அதில் நாகப்பட்டினத்துக் கடலை மொண்டு, வலதுகையில் எடுத்துக்கொண்டார். கோணமேட்டுக்குத் திரும்பிவந்து சேர்ந்ததும் அதைக் கடலில் ஊற்றப் போனவர் சட்டென்று நின்றுவிட்டார். இது வெளியூர்க் கடல். உள்ளூர்க் கடலில் கேட்காமல் கலக்கலாமா? குடத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தட்டைப் போட்டு மூடிவைத்தார்.

முகூர்த்த நாள் வந்தது. காலையிலிருந்தே சௌந்திரம் பட்டுப்புடவையோடு பந்தல் வாசலில் ஒரு மூங்கில் கம்பை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் இருந்த நிலையைப் பார்த்து அந்தப் பக்கம் ஒரு காக்கையும் வரவில்லை. பறவை மட்டும் மணமேடைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தது.

உத்திராபதி ஓலையைப் பிரித்தார். "ஐயோ காது" என்று வாசித்தார். "ஐயோ காது. ஐயோ காது. அமிர்தலிங்கம் இருமல். ஐயோ காது." கூட்டம் பயபக்தியோடு கேட்டது. பாதி முகூர்த்தம் இதிலேயே போயிற்று.

"அப்பா, ஊருக்கு வாங்க" என்றாள் சௌந்திரம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வர்றேன். விருந்தாளிக்கு ஊர்: இந்தியா." அவர் பறவையைப் பார்த்து உரக்க, "சரியா?" என்றார்.

"களகளகளகள."

"ஆமாங்கிறார். ஊர்: கோழிக்கோடு. சரியா?"

"களகளகளகள."

துருக்கிக்கும் ஆமாம் என்றது. இந்துஸ்தானத்துக்கும் ஆமாம் என்றது. பெருவுக்கு இரண்டு தரம் ஆமாம் என்றது.

கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்தது. ஒருவருக்கு எப்படி ஐந்து ஊர் இருக்கும்?

உத்திராபதி கண்ணை மூடி யோசித்தார். "ஒரு ஆளுக்கு ஒரு ஊர்தான். ஐந்து ஊர்னா ஐந்து பேர். நாம பார்க்கறதுக்கு ஒருத்தர் மாதிரி இருக்கார், அவ்வளவுதான். பந்தியில ஐந்து இலை போடுங்க." எல்லாருக்கும் நிம்மதியாயிற்று.

கலியபெருமாள் தாலியை எடுத்தான்.

"நில்லு" என்றார் உத்திராபதி. ஓலையை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியது. "மலபார்க்காரர் மூன்று, கல்கூன் ஒன்று. யார் அந்த மலபார்க்காரர்?"

"நாங்கதானுங்க" என்றான் கலியபெருமாள்.

"நீ கோணமேடு இல்லையா?"

"இத்தனை நாள் அப்படித்தாங்க நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"எழுத்துல இருக்கே!"

"எழுத்துல இருக்குங்க."

உத்திராபதி ஓலையை மடியில் வைத்தார். முப்பது வருஷமாகப் பக்கத்துத் தெருவில் பார்த்த பையன் மலபார்க்காரனாகிவிட்டான். எழுத்துக்கு எதிராக யார் பேச முடியும்? "அப்ப நீ வெளியூர். வெளியூர் மாப்பிள்ளைன்னா, அவன் ஊர்க்காரர் ஒருத்தர் வந்து 'இவன் எங்க ஆள்தான்'னு சொல்லணுமே. உன் ஊர்க்காரர் யார் இருக்கா?"

கலியபெருமாள் மாமாவைப் பார்த்தான். மாமாவும் மலபார்க்காரர் ஆகிவிட்டிருந்தார். அவருக்கே சாட்சி தேவை. சிங்காரத்துக்கும் அதே கதி.

நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் அரை நாழிகைதான் இருந்தது. கூட்டத்தில் திருமுல்லைவாசல் பையன் மெதுவாக வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

சௌந்திரம் மூங்கில் கம்பைத் தரையில் ஓங்கிக் குத்தினாள். "மலபார் எங்கேப்பா இருக்கு?"

"கோழிக்கோட்டுக்கிட்டன்னு எழுதியிருக்கு."

"அந்தக் கோழிக்கு எந்த ஊர்னு இப்பதானே வாசிச்சீங்க?"

கூட்டம் முழுக்கப் பறவையின் பக்கம் திரும்பியது. பிறகு உத்திராபதி எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பறவையின் முன்னால் போய்ப் பணிவாக நின்றார்.

"ஐயா, கோழிக்கோட்டுக்காரரே! இந்தப் பையன் உங்க ஊர் ஆள்தானா?"

பறவை கலியபெருமாளின் காதை நன்றாகப் பார்த்தது. "களகளகளகள" என்றது.

"ஆமாங்கிறார்! கட்டு தாலியை!"

தாலி ஏறியது. மாப்பிள்ளையின் ஊரிலிருந்து வந்த ஒரே பெரியவர் என்பதால், மணமக்கள் முதலில் பறவையின் காலில் விழுந்து கும்பிட்டார்கள். பந்தியில் அதற்கு ஐந்து இலை போட்டார்கள். ஐந்து இலையிலும் பாயசத்தை மட்டும் தின்றது. ஐந்து பேருக்கும் ஒரே ருசி என்று ஊர் வியந்தது.

மார்கழி பிறந்தது. தினமும் ஊறவைத்த தானியம் தின்று பறவை ஒரு சிறு ஆட்டின் பருமனுக்கு வந்திருந்தது. ஒரு நாள் காலையில் ஞானாதிக்கம் கையில் ஒரு கோணிப்பையோடு வந்து சேர்ந்தார். ஊர் கேட்டார்கள், தரங்கம்பாடி என்றார், தண்ணீர் கொடுத்தார்கள்.

"சொன்னபடி வந்துட்டேன். இவரை அழைச்சுக்கிட்டுப் போகட்டுமா?"

உத்திராபதி தலையை ஆட்டினார். "தனியா அனுப்ப மாட்டோம். இப்ப அவர் எங்க சம்பந்தி வீடு. புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு முதல் பண்டிகை பெரியவங்க இருக்கிற இடத்துலதான். பொண்ணு மாப்பிள்ளை வருவாங்க. நாங்களும் வருவோம். மொத்தம் நாப்பது பேர்."

"நாப்பது பேரா?"

"ஒரே ஒரு நிபந்தனை. அவரை எப்படி உபசரிக்கிறீங்களோ, அப்படியேதான் எங்களையும் உபசரிக்கணும். ஒரு குறை வைக்கக் கூடாது. எங்களையும் மேஜையிலதான் படுக்க வைக்கணும். சுத்திக் கிழங்கும் எலுமிச்சம்பழமும் வைக்கணும்."

ஞானாதிக்கம் நாட்டாமையைப் பார்த்தார். அமிர்தலிங்கத்தின் தொப்பையைப் பார்த்தார். வாசலில் கூடிநின்ற நாற்பது முகத்தையும் பார்த்தார். ஒரு முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை.

"அவ்வளவு பெரிய பாத்திரம் எங்ககிட்ட இல்லீங்களே" என்றார்.

"அதுக்கென்ன, கல்யாண அண்டா சும்மாதானே கிடக்கு" என்றார் உத்திராபதி. "நாங்களே தூக்கிட்டு வர்றோம்."

ஞானாதிக்கம் கோணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் சமையலறையில் இருந்தவர், வாயில் பழக்கத்தில் வந்ததைக் கேட்டுவிட்டார்: "உப்பு?"

அமிர்தலிங்கம் இடதுகையில் இருந்த குடத்தைத் தூக்கிக் காட்டினார்.

"கடலே கையில இருக்கு. வாங்க போகலாம்."